மாசற்றோர் துன்பமும் இறை இரக்கமும்: துக்க வீட்டில் கேட்ட கேள்விகள்

எங்கள் பங்கில் இருபது வருடத்துக்கு மேலாக ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிறேன். நான் குருவானவர் இல்லை, இறையியல் பட்டமும் கிடையாது. கீழே உள்ள கேள்விகளில் பாதி, பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் அன்பியக் கூட்டங்களில் வந்தவை. மீதி, சாவு வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் இருந்தவர் குரலைத் தாழ்த்திக் கேட்டவை. திருச்சபை சொல்வதையும் என் சொந்தக் கருத்தையும் கலக்காமல் எழுதப் பார்த்திருக்கிறேன். சில இடங்களில் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேரடியாகவே கேட்கிறேன். ஒரு பாவமும் அறியாத குழந்தை ஏன் சாக வேண்டும்?

தெரியாது. இப்படிச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. 2015 ஜனவரி 18 அன்று மணிலாவில் திருத்தந்தை பிரான்சிஸ் இளைஞர்களைச் சந்தித்தார். தெருவில் வாழ்ந்து மீட்கப்பட்ட ஒரு சிறுமி, பிள்ளைகளுக்கு இத்தனை கொடுமை நடக்கக் கடவுள் ஏன் விடுகிறார் என்று கேட்க வந்தாள். கேட்டு முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். தயாரித்து வைத்திருந்த உரையைத் திருத்தந்தை ஒதுக்கிவிட்டுப் பேசினார். பதிலே இல்லாத கேள்வியை இந்தப் பிள்ளை ஒருத்திதான் கேட்டிருக்கிறாள், அதையும் வார்த்தையால் கேட்க முடியாமல் கண்ணீரால் கேட்டாள் என்றார். அதற்கு முந்தைய நாள், 2013 புயலில் எல்லாவற்றையும் இழந்த தக்லோபான் மக்கள் முன்னால் மழையங்கி போட்டுக்கொண்டு பூசை வைத்தபோதும், உங்களுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை என்றுதான் சொன்னார்.

1992ல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் எதற்கும் எண் போட்டுப் பதில் சொல்லும் நூல். அதுவே இந்த இடத்துக்கு வந்ததும் (எண் 309), அவசரப் பதில் எதுவும் போதாது, கிறிஸ்தவ நம்பிக்கை முழுவதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது பதிலாகும் என்கிறது. ஆகவே ஒரே வரியில் பதில் வைத்திருப்பவரைக் கண்டால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

பெற்றவர்கள் செய்த பாவம் பிள்ளையைத் தாக்கியிருக்கும் என்கிறார்களே?

இதற்கு மட்டும் ஒரே வரியில் பதில் உண்டு: இல்லை. சொன்னவர் இயேசு. பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவரைப் பார்த்ததும் சீடர்கள் கேட்ட முதல் கேள்வியே, இவன் பாவம் செய்தானா இவன் பெற்றோர் பாவம் செய்தார்களா என்பதுதான். இவனும் செய்யவில்லை, இவன் பெற்றோரும் செய்யவில்லை என்றார் (யோவான் 9:3). சீலோவாமில் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் செத்தபோதும் இதே பேச்சு கிளம்பியிருக்கிறது. அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்றா நினைக்கிறீர்கள், இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னார் (லூக்கா 13:4-5).

இரண்டாயிரம் வருடமாக ஞாயிறு தோறும் வாசித்தும் நமக்கு இது இன்னும் இறங்கவில்லை. ‘முன்வினை’ என்ற சொல்லை நாம் பயன்படுத்துவதில்லை, ஆனால் அதே சரக்கை ‘தலைமுறைச் சாபம்’ என்று பெயர் மாற்றி சுகமளிக்கும் கூட்டங்களில் விற்கிறோம். தாத்தா செய்த பாவம் பேரனுக்குப் புற்றுநோயாக வந்திருக்கிறது, கட்டவிழ்க்கும் ஜெபம் செய்ய வேண்டும் என்று ஒரு போதகர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எசேக்கியேல் 18ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். தந்தையர் புளித்த திராட்சை தின்றார்கள், பிள்ளைகளின் பல் கூசியது என்ற பழமொழியை இனி இஸ்ரயேலில் யாரும் சொல்லக்கூடாது என்று கடவுளே தடை போடுகிறார். குடும்ப மரத்தைக் குணப்படுத்தும் இத்தகைய ஜெபங்கள் திருச்சபையின் போதனைக்குப் பொருந்தாதவை என்று ஸ்பெயின் ஆயர்கள் 2024ல் தனியாகக் குறிப்பே வெளியிட்டார்கள்.

அப்பா குடித்தால் பிள்ளை பட்டினி கிடக்கும். அது உண்மைதான். ஆனால் அது அப்பா செய்த அநியாயம். கடவுள் அனுப்பிய தண்டனை என்று அதற்குப் பெயர் வைக்கக் கூடாது.

ஏரோது குழந்தைகளைக் கொல்லப்போகிறான் என்று சூசையப்பருக்கு மட்டும் கனவில் சொன்னார் கடவுள். பெத்லகேமில் மற்ற அப்பாக்களுக்கு ஏன் சொல்லவில்லை?

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் இதைக் கேட்டான். டிசம்பர் 28, மாசில்லாக் குழந்தைகள் திருநாளுக்கு முந்தைய வகுப்பு. அன்று நான் ஏதோ மழுப்பினேன். அப்புறம்தான் மத்தேயு 2ஆம் அதிகாரத்தை உட்கார்ந்து மெதுவாக வாசித்தேன்.

முதலில் எண்ணிக்கை. பதினாலாயிரம் குழந்தைகள் என்று கிழக்குத் திருச்சபை மரபில் உண்டு. பெத்லகேம் அன்று சின்ன ஊர், இரண்டு வயதுக்குள் ஆண் பிள்ளைகள் என்றால் பத்து இருபதுக்கு மேல் தேறாது என்பது விவிலிய அறிஞர்கள் பலரின் கணக்கு. ஏரோதின் கொடுமைகளைப் பக்கம் பக்கமாக எழுதிய யோசேப்பு என்ற யூத வரலாற்றாசிரியர் இதைக் குறிப்பிடவே இல்லை என்பதால், நடந்ததா என்று ஐயப்படுகிறவர்களும் உண்டு. பெற்ற மகன்களையே கொன்றவன் ஏரோது, சின்ன ஊரில் இருபது குழந்தைகள் என்பது அவன் கணக்கில் ஒரு வரிகூட இல்லை என்பது மறுபக்க வாதம்.

சரி, கேள்விக்கு வருவோம். மத்தேயு ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பழைய ஏற்பாட்டு வசனம் ஒன்றைக் கொண்டுவந்து, ‘இது நிறைவேறும்படி அது நடந்தது’ என்று எழுதுவது வழக்கம். சூசையப்பர் குழந்தை இயேசுவோடு எகிப்துக்குத் தப்பிப் போனதற்கும் அப்படித்தான் எழுதுகிறார். குழந்தைகள் கொலைக்கு வரும்போது மட்டும் கிரேக்க மூலத்தில் அந்த ‘படி’ இல்லை. ‘அப்பொழுது எரேமியா சொன்னது நிறைவேறியது’ என்று மட்டும் எழுதி நிறுத்துகிறார். யூதாசின் முப்பது வெள்ளிக்காசு கதையிலும் (27:9) இதையேதான் செய்கிறார். கடவுளுக்கு அந்தக் கொலையில் ஒரு நோக்கம் இருந்தது என்று எழுத அவர் கை வரவில்லை. அது ஏரோதின் வேலை. ஒரே ஒரு சின்னச் சொல் விடுபட்டிருக்கிறது, ஆனால் நம்முடைய எத்தனையோ மரணப் பிரசங்கங்களைவிட அது நாணயமானது.

அவர் எடுத்துப் போடும் வசனத்தையும் பாருங்கள். ‘ராமாவில் குரல் கேட்கிறது, ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள், ஆறுதல் பெற மறுக்கிறாள், ஏனெனில் அவர்கள் இல்லை.’ ஆறுதல் பெற மறுக்கும் ஒரு தாயை, கிறிஸ்து பிறப்புக் கதையின் நடுவில் அப்படியே விட்டுவிட்டுப் போகிறார். அழாதே என்று யாரும் அவளிடம் வந்து சொல்லவில்லை.

மற்ற அப்பாக்களுக்கு ஏன் கனவு வரவில்லை? அந்தப் பையனுக்கு இன்றும் என்னிடம் முழுப் பதில் இல்லை. தப்பித்த அந்த ஒரு குழந்தையும் நிரந்தரமாகத் தப்பிக்கவில்லை என்பதை மட்டும் சொல்வேன். முப்பத்துச் சொச்சம் வருடம் கழித்து அதே அரச பயம், அதே மாதிரிப் படைவீரர்கள். அந்த முறை கனவும் வரவில்லை, கழுதையும் இல்லை. ‘தந்தையே, இந்தக் கிண்ணத்தை என்னிடமிருந்து அகற்றும்’ என்று கேட்டும் அகலவில்லை. பெத்லகேம் தாய்மார்களின் வரிசையில் கடைசியாக மரியாவும் போய் நின்றார். வியாகுல மாதா சுரூபத்துக்கு முன்னால் நம் பெண்கள் ஒன்றும் பேசாமல் மெழுகுதிரி மட்டும் கொளுத்திவிட்டுப் போவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. அந்தக் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு இல்லை, இயேசு யாரென்றும் தெரியாது, ‘நம்புகிறேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லும் வயதும் இல்லை. ஆனாலும் திருச்சபை அவர்களை மறைசாட்சிகள் என்று பீடத்தில் ஏற்றியிருக்கிறது. அடுத்த கேள்விக்கு இது தேவைப்படும்.

ஞானஸ்நானம் வாங்குவதற்குள் குழந்தை இறந்துவிட்டது. மோட்சம் உண்டா?

இதைக் கேட்கும் அம்மாக்கள் முகத்தைப் பார்க்க முடியாது. பழைய காலத்தில் ‘லிம்போ’ என்று ஒன்றைச் சொல்லி வைத்தார்கள். துன்பமும் இல்லை, கடவுளின் முகதரிசனமும் இல்லை, நடுவில் ஓர் இடம். புனித அகுஸ்தினார் இதைவிடக் கடுமையாகச் சொன்னார், மத்திய கால இறையியலார் கொஞ்சம் இளக்கினார்கள். லிம்போ ஒருபோதும் விசுவாச சத்தியமாக அறிவிக்கப்படவில்லை. 1992 மறைக்கல்வி நூலில் அந்தச் சொல்லே இல்லை. அந்தக் குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைக்கிறோம் என்கிறது எண் 1261. எல்லாரும் மீட்படைய வேண்டும் என்று விரும்பும் இரக்கத்தையும், ‘சிறு பிள்ளைகளை என்னிடம் வரவிடுங்கள்’ என்ற இயேசுவின் கனிவையும் காரணமாகக் காட்டி, நம்பிக்கை கொள்ள வழி இருக்கிறது என்கிறது. 2007ல் பன்னாட்டு இறையியல் ஆணையம் இதை விரிவாக ஆராய்ந்து, நம்பிக்கை கொள்வதற்கு உறுதியான காரணங்கள் உண்டு என்று முடித்தது. ‘நிச்சயம்’ என்ற சொல்லை அது போடவில்லை, ‘நம்பிக்கை’ என்றுதான் போட்டது. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கிறது.

திருமுழுக்குக் கொடுக்க நினைத்திருந்த பெற்றோரின் குழந்தைக்கு, ஆயரின் அனுமதியோடு கோயிலில் அடக்கச் சடங்கு நடத்தலாம் (திருச்சபைச் சட்டம் 1183). கல்லறையில் தனி மூலை, ராத்திரியோடு ராத்திரியாகப் புதைப்பது என்ற பழைய வழக்கத்தை யாராவது சொன்னால் பங்குத்தந்தையிடம் நேராகப் போய்க் கேளுங்கள்.

குழந்தை உயிரோடு இருந்து ஆபத்தான நிலையில் இருந்தால் சாமியாருக்காகக் காத்திருக்க வேண்டாம். யாரும் கொடுக்கலாம், நர்ஸ் கொடுக்கலாம், அவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணம் போதும். தலையில் தண்ணீர் ஊற்றி, பெயர் சொல்லி, ‘தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே உனக்குத் திருமுழுக்குக் கொடுக்கிறேன்’ என்று சொன்னால் முடிந்தது.

‘கடவுள் தமக்குப் பிடித்த பூவைப் பறித்துக்கொண்டார்’ என்று சொல்வது தவறா?

நானே சொல்லியிருக்கிறேன். ஒன்பது வயதுப் பெண் குழந்தை, மூளைக்காய்ச்சல். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எதையாவது சொல்ல வேண்டுமே என்று இதைச் சொன்னேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு, “அவருக்குத் தோட்டம் தோட்டமா இருக்கு சார். எங்கிட்ட இருந்தது ஒண்ணுதானே” என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் பொறி தட்டியது. விவிலியத்தில் ஏற்கெனவே உள்ள கதை அது. ஆடு மாடு நிறைய வைத்திருந்த பணக்காரன், ஏழை ஒருவன் தன் மகளைப் போல வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்து விருந்து சமைத்தான் என்று நாத்தான் இறைவாக்கினர் தாவீதிடம் சொல்கிறார் (2 சாமுவேல் 12). கேட்ட தாவீது, அவன் சாக வேண்டும் என்று கொதிக்கிறார். ஆறுதல் சொல்வதாக நினைத்து, கடவுளை அந்தப் பணக்காரன் இடத்தில் உட்கார வைத்துவிட்டேன். அதற்கப்புறம் அந்த வாக்கியத்தை நான் சொல்வதில்லை.

‘தாங்க முடியாத சோதனையைக் கடவுள் தரமாட்டார்’ என்பது விவிலிய வசனம்தானே?

1 கொரிந்தியர் 10:13ஐத்தான் அப்படி வளைத்துச் சொல்கிறோம். பவுல் அங்கே பேசுவது சிலை வழிபாடு, காமம் போன்ற பாவ நாட்டங்களைப் பற்றி. விழாமல் தப்பிக்க வழி இருக்கும் என்கிறார். தமிழில் பாவச் சோதனைக்கும் கஷ்டத்துக்கும் ‘சோதனை’ என்ற ஒரே சொல் இருப்பதால் வந்த குழப்பம் இது. தாங்க முடியாத பாரம் மனிதர்கள் மேல் விழத்தான் செய்கிறது. அதே பவுல், ஆசியாவில் எங்களுக்குத் தாங்கும் சக்திக்கு மேற்பட்ட துன்பம் வந்தது, உயிர் பிழைப்போம் என்ற நம்பிக்கையே போய்விட்டது என்று இரண்டாம் கடிதத்தின் முதல் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார்.

சுனாமியில் வேளாங்கண்ணி கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லையே, அது மாதாவின் புதுமை இல்லையா?

2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை. கிறிஸ்துமஸுக்கு வந்த திருப்பயணிகள் கூட்டம். பேராலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை, உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். கோயிலுக்கும் கடலுக்கும் இடையில் கடைகளிலும் மணலிலும் நின்றவர்கள் நூற்றுக்கணக்கில் போனார்கள். அவர்களும் மாதாவைப் பார்க்க வந்தவர்கள்தான். மொட்டை போட்டுவிட்டுக் கடலில் குளிக்கப் போன பிள்ளைகளும் அதில் உண்டு.

பிழைத்தவர் நன்றி சொல்லட்டும், அதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் அந்த நன்றியைக் கொள்கையாக மாற்றினால், வெளியே நின்றவர்களை மாதா கைவிட்டார் என்று ஆகிவிடும். சீலோவாம் கோபுரத்தில் இயேசு அடைத்த கதவை நாம் மறுபடி திறக்கிறோம். சுமத்ரா பக்கத்தில் கடலடியில் 9.1 அளவில் பூமி அதிர்ந்தது, தண்ணீர் எங்கே பள்ளமோ அங்கே புகுந்தது. படைக்கப்பட்ட இந்த உலகம் இன்னும் நிறைவை அடையாமல் பயணத்தில் இருக்கிறது, ஆக்கத்தோடு அழிவும் சேர்ந்தே நடக்கிறது என்பது மறைக்கல்வி நூலின் விளக்கம். நிலநடுக்கத்தில் பிள்ளையை இழந்தவருக்கு அது போதுமான விளக்கமா? இல்லை. மறைக்கல்வி நூலும் போதும் என்று சொல்லவில்லை. அந்த வருடம் மாசில்லாக் குழந்தைகள் திருநாளன்று நாகப்பட்டினம் கடலோரத்தில் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

கடவுள் மேல் கோபப்பட்டால் பாவமா?

கோபத்தை அவரிடமே கொண்டுபோய்க் கொட்டினால் அதற்கு ஜெபம் என்று பெயர். திருப்பாடல் 88 ‘இருள்’ என்ற சொல்லோடு முடிகிறது. கடைசியில் ஓர் அல்லேலூயாகூட இல்லை. யோபு, தான் பிறந்த நாளையே சபித்தார், கடவுளை வழக்குக்கு இழுத்தார். அவருடைய மூன்று நண்பர்களோ கடவுளுக்காக வாதாடினார்கள். முடிவில் கடவுள் யார் பக்கம் தீர்ப்புச் சொன்னார் தெரியுமா? என் ஊழியன் யோபைப் போல் நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று நண்பர்களைத்தான் கடிந்தார் (42:7). அந்த நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம், முதலில் ஏழு நாளும் ஏழு இரவும் தரையில் உட்கார்ந்து வாய் திறக்காமல் இருந்தது. வாயைத் திறந்தார்கள், எல்லாம் கெட்டது.

சிலுவையில் இயேசு சொன்ன ‘என் இறைவா, என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்பதும் திருப்பாடல் 22ன் முதல் வரிதான். குருத்து ஞாயிறன்று அதைப் பதிலுரைப் பாடலாகப் பாடுகிறோம். நம் வீட்டில் ஒருவர் அதையே பேச்சாகச் சொன்னால் மட்டும் ‘அப்படிச் சொல்லாதே, பாவம்’ என்று வாயை மூடுகிறோம்.

‘துன்பத்தை ஒப்புக்கொடு’ என்கிறார்கள். வலியைக் கடவுள் விரும்புகிறாரா?

வலியை இயேசுவே விரும்பவில்லை. கெத்சமனியில் அவர் கேட்டது அதை எடுத்துவிடச் சொல்லி. நோயாளிகளைப் பார்த்தபோதெல்லாம் குணமாக்கினார், ‘இதை ஒப்புக்கொடுத்துக்கொண்டிரு’ என்று ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை.

ஒப்புக்கொடுத்தலுக்கு அடிப்படை கொலோசையர் 1:24. கிறிஸ்துவின் பாடுகளில் இன்னும் எஞ்சியிருப்பதைத் தன் உடலில் நிறைவு செய்வதாகப் பவுல் எழுதுகிறார். இதை எடுத்து விளக்கித் துன்பத்தின் பொருள் பற்றி ஒரு திருமடல் எழுதியவர் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால். 1981 மே 13ல் வயிற்றில் குண்டு வாங்கியவர், 1984 பிப்ரவரி 11, லூர்து மாதா திருநாளன்று அதை வெளியிட்டார். மீட்பது அன்பு. வலிக்குத் தனியாக ஒரு புண்ணியமும் கிடையாது. தவிர்க்க முடியாத வலிக்குள் மாட்டிக்கொண்டவர், அதற்குள்ளும் அன்பு செய்ய இடம் இருக்கிறது என்று கண்டுகொள்ளலாம், அவ்வளவுதான். அந்த மடல் கடைசியில் போய் நிற்கும் இடம் நல்ல சமாரியன் உவமை. அடிபட்டுக் கிடப்பவனிடம் தத்துவம் பேசாதே, எண்ணெய் ஊற்று, கழுதைமேல் ஏற்று, சத்திரத்துக்குப் பணம் கொடு.

இரண்டு விஷயம் இதில் அழுத்திச் சொல்ல வேண்டும். புற்றுநோயாளிக்கு வலி மருந்து கொடுப்பது விசுவாசக் குறைவு அல்ல. 1957லேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அதை அனுமதித்துப் பேசியிருக்கிறார், மறைக்கல்வி நூலும் (2279) வலி தணிக்கும் பராமரிப்பை அன்பின் சிறந்த வடிவம் என்கிறது. அப்புறம், புருஷனிடம் அடிவாங்கும் பெண்ணிடம் ‘உன் சிலுவையைச் சும’ என்று சொல்கிறவர்கள், திருச்சபைச் சட்டம் 1153ஐப் படித்துவிட்டுப் பேச வேண்டும். உடலுக்கோ மனதுக்கோ கடும் ஆபத்து என்றால் பிரிந்து வாழ அந்தச் சட்டம் உரிமை தருகிறது. சிலுவையை இயேசுவே எடுத்துச் சுமந்தார், இன்னொருவர் முதுகில் கட்டிவிடவில்லை.

இறை இரக்க பக்தி எங்கிருந்து வந்தது? மூன்று மணி ஜெபம் சொன்னால் துன்பம் தீருமா?

போலந்தில் ஏழை விவசாயக் குடும்பத்தில், பத்துப் பிள்ளைகளில் மூன்றாவதாக 1905ல் பிறந்தவர் பவுஸ்தீனா. மடத்தில் சமையலறை, தோட்டம், வாசற்கதவு என்றுதான் அவருக்கு வேலை. 1931 பிப்ரவரி 22ல் பிளோட்ஸ்க் நகரில் இயேசுவைக் காட்சியில் கண்டார்: நெஞ்சிலிருந்து சிவப்பும் வெளிறியதுமாக இரண்டு கதிர்கள், கையிலும் காலிலும் காயத் தழும்புகள். ‘இயேசுவே, உம்மில் நம்பிக்கை வைக்கிறேன்’ என்று அடியில் எழுதி இதைப் படமாக வரையச் சொன்னார் இயேசு. 1934ல் வில்னியுஸில் ஓவியர் ஒருவர் அதை வரைந்து முடித்தபோது, இவ்வளவு அழகாக இருந்தவரை இப்படியா வரைவது என்று பவுஸ்தீனா அழுதாராம். 1935 செப்டம்பரில் இரக்கத்தின் ஜெபமாலை. 1938 அக்டோபர் 5ல் கிராக்கோவில் காசநோயால் இறந்தார். வயது 33.

அடுத்த வருடமே போர். கிராக்கோவிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் நாசிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாம். அவர் கல்லறை இருந்த மடத்தின் வழியாக, அருகில் இருந்த சோல்வே தொழிற்சாலைக்கு மரக்கட்டைச் செருப்புப் போட்டு நடந்து போன இளைஞர் ஒருவர் இருந்தார். எட்டு வயதில் அம்மாவையும், அப்புறம் அண்ணனையும், 1941ல் அப்பாவையும் இழந்து தனியாக நின்றவர். பெயர் கரோல் வொய்த்தீவா. 1959ல் வத்திக்கான் இந்தப் பக்தியைத் தடை செய்தது. தவறான மொழிபெயர்ப்புகள் போயிருந்தன. 1978 ஏப்ரலில் தடை நீங்கியது. ஆறு மாதத்தில் அந்த இளைஞர் இரண்டாம் ஜான் பால் ஆனார். 2000 ஏப்ரல் 30ல் பவுஸ்தீனாவுக்குப் புனிதர் பட்டம் கொடுத்து, பாஸ்காவுக்கு அடுத்த ஞாயிறை இரக்கத்தின் ஞாயிறாக்கினார்.

இதையெல்லாம் சொல்லக் காரணம், வசதியான வீட்டில் பிறந்த பக்தி இல்லை இது. ஜெபமாலை சொன்னால் துன்பம் தீருமா என்றால், பவுஸ்தீனாவுக்கே காசநோய் தீரவில்லை. அந்த ஜெபத்தின் வரியைக் கவனியுங்கள்: இயேசுவின் வேதனை மிகுந்த பாடுகளைப் பார்த்து ‘எங்கள் மீதும் உலகம் முழுவதன் மீதும்’ இரக்கமாயிரும். என்மீது மட்டும் என்று அதில் ஓர் இடத்திலும் இல்லை.

கொலைகாரனுக்கும் இரக்கம் என்றால், செத்தவனுக்கு என்ன நியாயம்?

2019 ஏப்ரல் 21, பாஸ்கா ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், மூன்று ஓட்டல்கள் என்று இலங்கையில் பல இடங்களில் குண்டு வெடித்தது. 250க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், அதில் எத்தனையோ பிள்ளைகள். கட்டுவாப்பிட்டியில் உயிர்த்த ஆண்டவரின் சுரூபம் முழுக்க இரத்தம் தெறித்திருந்தது. அடுத்த ஞாயிறு எந்த ஞாயிறு? இரக்கத்தின் ஞாயிறு. கோயில்கள் பூட்டிக் கிடந்தன. கொழும்புப் பேராயர் மால்கம் ரஞ்சித் தம் இல்லத்தின் சிற்றாலயத்தில் பூசை வைத்தார், மக்கள் டிவியில் பார்த்தார்கள்.

அந்த ஞாயிறின் வாசகம் எப்போதும் ஒன்றுதான்: உயிர்த்த இயேசு கைகளையும் விலாவையும் காட்டுகிறார், தோமா தொட்டுப் பார்க்கக் கேட்கிறார். உயிர்த்தபின்னும் காயம் ஆறி மறையவில்லை. இறை இரக்கப் படத்திலும் அந்தத் தழும்புகள் உண்டு. நடந்ததை நடக்காதது போல ஆக்குவது இரக்கம் என்று நினைப்பவர்கள் அந்தப் படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.

கொல்ல வந்தவர்களை மன்னித்தோம் என்று 2020 பாஸ்கா மறையுரையில் பேராயர் சொன்னார். ஆனால் அதோடு விடவில்லை. முன்னெச்சரிக்கை வந்தும் தூங்கியவர்கள் யார், பின்னால் இருந்தவர்கள் யார் என்று இன்றுவரை கேட்டுக்கொண்டே இருக்கிறார். 2023 ஜனவரி 12ல் இலங்கை உச்ச நீதிமன்றம், கடமை தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. மன்னிப்புக்கும் வழக்குக்கும் இங்கே முரண்பாடு இல்லை. இரக்கம் பற்றி இரண்டாம் ஜான் பால் 1980ல் எழுதிய சுற்றுமடலும், மன்னிப்பு என்பது தீமைக்கு இடம் கொடுப்பதல்ல, இழைத்த கேட்டுக்கு ஈடு செய்வது மன்னிப்பின் நிபந்தனை என்று தெளிவாகச் சொல்கிறது. அவரைச் சுட்ட அலி அக்சாவை 1983ல் சிறைக்கே போய்ப் பார்த்து மன்னித்தார். அக்சா இன்னும் பதினாறு வருடத்துக்கு மேல் அதே நாட்டுச் சிறையில்தான் இருந்தான்.

திருச்சபைக்குள்ளேயே ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடந்தால்? ‘மன்னித்துவிடு, கோயில் பெயர் கெட்டுவிடும்’ என்கிறார்களே.

அப்படிச் சொல்கிறவர் யோபின் மூன்று நண்பர்களைவிட மோசமானவர். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின்படி (2012) தெரிந்தவர் யாராக இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடலாம். 2019ல் திருத்தந்தை பிரான்சிஸ் போட்ட சட்டம், குருக்களும் துறவிகளும் தாங்கள் அறிந்ததை மேலிடத்துக்குச் சொல்வதைக் கட்டாயமாக்கியது. ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் புகார் பெற ஏற்பாடு வேண்டும் என்றும் சொன்னது. முதலில் பிள்ளையைப் பத்திரமாக்குங்கள். மன்னிப்பதா, எப்போது என்பதைப் பிற்பாடு அந்தப் பிள்ளை முடிவு செய்யும். அதில் நமக்கு வேலை இல்லை.

இறந்த சின்னக் குழந்தைக்கு ஆன்ம இளைப்பாற்றிப் பூசை வைக்க வேண்டுமா?

திருமுழுக்குப் பெற்று, புத்தி விவரம் வரும் வயதுக்கு முன் (திருச்சபைச் சட்டக் கணக்கில் ஏழு வயது) இறந்த குழந்தைக்கு உத்தரிக்கிற ஸ்தலம் (இறந்தோரின் பாவக் கறை கழுவப்படும் நிலை) பற்றிய கவலையே வேண்டாம். கழுவ அங்கே பாவம் இல்லை. குழந்தை அடக்கச் சடங்கின் ஜெபங்களை வாசித்தால் தெரியும், பாதிக்கு மேல் பெற்றோருக்காக வேண்டுபவை. ஆனாலும் பூசை வைக்கலாம். கல்லறைத் திருநாளிலும் வைக்கலாம், டிசம்பர் 28லும் வைக்கலாம். பங்கு அலுவலகத்தில் பூசைக் கருத்துச் சீட்டு கொடுப்பார்கள். ‘இறந்தோர்’, ‘நன்றி’ என்று இரண்டு கட்டம் இருக்கும், எதில் டிக் அடிப்பது என்று தெரியாமல் பேனாவோடு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டிலும் அடிக்கலாம். குழந்தையின் பெயரை மட்டும் தெளிவாக எழுதுங்கள், பூசையில் அதைச் சத்தமாக வாசிப்பார்கள்.